ஐரோப்பாவிலும் ஒரு இன்னோவா எடுத்துவிடலாமா?

வாசகர் கேள்வி: நாங்கள் தர்மபுரிக்காரர்கள். வரும் மே மாதம் குடும்பத்தோடு ஆறு பேர் ஐரோப்பா போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா, 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாரிஸில் 3 இரவு, ஸ்விட்சர்லாந்தில் 5, இத்தாலியில் ஃப்ளோரன்ஸ், ரோம் சேர்த்து 5. அம்மாவுக்கு முழங்கால் வலி. ரயில் மாறி ரயில் ஏறுவது முடியாது. நான் 15 வருஷமாக இன்னோவா ஓட்டுகிறேன், பெங்களூருக்கும் சேலத்துக்கும் ஓட்டாத வாரம் இல்லை. பாரிஸில் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ரோமில் விட்டுவிடலாமா? மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்கிறார்.

பதில்: பாரிஸில் வேண்டாம், ஸ்விட்சர்லாந்தில் வேண்டாம். இத்தாலியில் இரண்டு நாளுக்கு எடுங்கள், அதுவும் நான் சொல்லும் ஒரு மாற்றத்தைச் செய்தால். காரணம் உங்கள் ஓட்டும் திறமையில் இல்லை. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே வாராவாரம் இறங்கி ஏறுகிறவருக்கு அங்கே சாலை ஒரு பொருட்டே இல்லை.

கார் வேண்டுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் எதையெல்லாம் பார்க்கப் போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். படுக்கிற இடத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, மறுநாள் காலை போகிற இடத்துக்கு ரோடு இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கார் லாபம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், வாடகையும் கொடுத்து, பார்க்கிங்கும் கொடுத்து, கடைசியில் ரயிலுக்கும் டிக்கெட் எடுப்பீர்கள்.

பாரிஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகரைச் சுற்றும் வட்டச்சாலையிலேயே 2024 அக்டோபர் முதல் வேக வரம்பு 50 கி.மீ.தான். உள்ளே பார்க்கிங் கட்டணம் யானைவிலை. மெட்ரோவில் நிறையப் படிக்கட்டு இருப்பதால் அம்மாவுக்குப் பஸ்ஸும் டாக்ஸியும் போதும்.

ஸ்விட்சர்லாந்துதான் எல்லோரையும் ஏமாற்றும். போட்டோவில் மலை, புல்வெளி, நடுவே கறுப்பு நாடா மாதிரி ரோடு. அதைப் பார்த்ததும் நமக்கெல்லாம் கை பரபரக்கும். ஆனால் நீங்கள் போவது மே மாதம். ஃபுர்கா, கிரிம்சல் போன்ற உயரமான கணவாய்ச் சாலைகள் பனியில் மூடி, பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். அதுவரை வடக்கிலிருந்து தெற்கே போக கோட்ஹார்டு சுரங்கச் சாலை இருக்கிறது. கிட்டத்தட்ட 17 கி.மீ. நீளம், 1980-ல் திறந்தது. ஓட்ட ஆசைப்பட்டு வண்டி எடுத்தவர் 17 கி.மீ. சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்.

அடுத்து, நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்கள். யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ரோடே கிடையாது, பல்சக்கர ரயில்தான். வெங்கன், மூரன் இரண்டும் கார் போகாத ஊர்கள். ஜெர்மாட்டும் அப்படித்தான். தேஷ் என்கிற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பிடிக்க வேண்டும். ஐந்து நாளில் மூன்று நாள் உங்கள் வண்டி ஏதோ ஒரு ரயில் நிலைய பார்க்கிங்கில் காசு தின்றுகொண்டு நிற்கும். நெடுஞ்சாலையில் ஏற ஆண்டுச் சாலைக்கட்டண வில்லை 40 ஃப்ராங்க், ஒரு நாள் ஓட்டினாலும் அதே 40. ஊருக்குள் 50-க்கு மேல் ஐந்து கி.மீ. கூடினாலும் கேமரா பிடித்து 40 ஃப்ராங்க் அபராதம். நம் ஊரில் 55-ல் போனால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான்.

அந்த ஊரில் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்துவிட்டால் ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அதற்குள் வந்துவிடும். 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கும் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள், பெற்றோரோடு வரும்போது அதற்கும் காசில்லை. யுங்ஃப்ராவ்யோக் மேல்பகுதிக்குத் தனிச் சீட்டு, பாஸ் வைத்திருந்தால் தள்ளுபடி உண்டு. ஆக, நான்கு பெரியவர்களுக்கான பாஸ்தான் உங்கள் செலவு.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். ரயில் என்றதும் மொரப்பூர் ஸ்டேஷனில் பெட்டியோடு ஏறுகிற காட்சிதான் நமக்கு நினைவுக்கு வரும், அது நியாயமான பயம். அங்கே ஏராளமான ரயில்களில் தளம் பிளாட்பாரத்துக்குச் சமமாகவோ ஒரு படி உயரத்திலோ இருக்கும், பெரிய ஸ்டேஷன்களில் லிஃப்டோ சாய்வுப் பாதையோ உண்டு. கஷ்டம் காலால் வருவதைவிடப் பெட்டியால்தான் அதிகம் வரும். அதற்கும் வழி இருக்கிறது: ஒரு ஸ்டேஷனில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, போய்ச் சேரும் ஊரின் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் உண்டு, ஆனால் கார் வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஐந்து இரவையும் இன்டர்லாக்கன் மாதிரி ஒரே ஊரில் வைத்துக்கொண்டால் பெட்டியை இரண்டே முறைதான் தொடுவீர்கள்.

பெட்டி என்றதும் இன்னொன்று. இன்னோவாவில் மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் என்பது உங்களுக்கே தெரியும். இங்கே மேலே கேரியர் போட்டு, தார்ப்பாய் மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுத் திருப்பதி போகிறோம். வாடகை வண்டியில் பெரும்பாலும் கேரியர் வராது. ஆறு பேர், ஆறு பெரிய பெட்டி, அதோடு பிள்ளைகளுக்கான இருக்கை இரண்டு. ஸ்விட்சர்லாந்தில் 12 வயதுக்குக் கீழே, 150 செ.மீ. உயரத்துக்கும் குறைவான பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். இத்தாலியில் உயரக் கணக்கு அதே 150. "மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்பது அங்கே நடக்காது. ஏழு பேர் வண்டி உங்களுக்குப் போதாது, ஒன்பது பேர் வேன்தான் வேண்டும். அதையும் சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டலாம். ஆனால் தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்குகளில் உயரத் தடை இருக்கும், வேன் பல இடங்களில் நுழையாது. அப்புறம், ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் தனியாக ஒரு தொகை கேட்பார்கள். பாரிஸில் எடுத்து ரோமில் விடும் உங்கள் திட்டத்தில் அந்தத் தொகையே ஒரு ரயில் செலவு ஆகிவிடும்.

சரி, இத்தாலி. இங்கேதான் கார் தன் காசுக்கு வேலை செய்யும். ஃப்ளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி குன்றுகள், திராட்சைத் தோட்டங்கள், சின்னச் சின்ன ஊர்கள், இவற்றுக்குப் பஸ் குறைவு, ரயில் அதைவிடக் குறைவு. நான் சொல்லும் மாற்றம் இதுதான்: ஃப்ளோரன்ஸில் தங்கும் இரவுகளில் இரண்டை ஊருக்கு வெளியே, தோட்ட வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிதுரிஸ்மோ என்று தேடினால் வரும். வாசலிலேயே வண்டி நிற்கும், பிள்ளைகள் மண்ணில் ஓடலாம், சமையலறை உள்ள வீடாகப் பார்த்தால் அம்மா ரசம் வைத்துக்கொள்வார். வண்டியை ஃப்ளோரன்ஸ் விமான நிலையத்தில் எடுத்து அங்கேயே விடுங்கள். நகருக்குள் இருக்கும் கிளையில் எடுக்காதீர்கள். பெரிய பெட்டிகளை ஃப்ளோரன்ஸ் ஸ்டேஷன் காப்பறையில் போட்டுவிட்டு, இரண்டு நாள் துணியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏழு பேர் வண்டியிலேயே அடங்கிவிடும். அங்கிருந்து ரோம் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

நகருக்குள் ஏன் வேண்டாம் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் தடவை போனபோது ஹோட்டல் பழைய ஊருக்குள் இருந்தது. மேப் காட்டிய சந்தில் நுழைந்து, பெட்டியை இறக்கி, சாயங்காலம் இன்னொரு முறை வெளியே போய் வந்தேன். யாரும் நிறுத்தவில்லை. ஊருக்குத் திரும்பி மாதக்கணக்கான பிறகு, மாங்காய் சீசன் முடிந்து நான் அந்தப் பயணத்தையே மறந்திருந்த நேரத்தில், கிருஷ்ணகிரி வீட்டுக்கு இத்தாலியத் தபால் வந்தது. இரண்டு முறை நுழைந்ததற்கு இரண்டு அபராதம். என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்த வேலைக்காக வாடகைக் கம்பெனி அதற்கு முன்பே என் கார்டில் தனியாக ஒரு தொகை எடுத்திருந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள் வரை நோட்டீஸ் அனுப்ப அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். தபால் பிரித்த அன்றே கட்டினேன்.

நான் நுழைந்தது, பழைய நகரங்களின் மையத்தில் அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாத பகுதி. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை இருக்கும். பக்கத்து மின்பலகையில் "வார்கோ அத்திவோ" என்று எரியும். அத்திவோ என்றதும் திறந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். தடை நடப்பில் இருக்கிறது என்று அர்த்தம். ஹோட்டல் உள்ளே இருந்தால் உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்து தரச் சொல்லிக் கேட்கலாம். எனக்கு அது அப்போது தெரியாது.

அம்மாவை வைத்து இன்னொரு கணக்கும் பாருங்கள். சான் ஜிமிஞானோ போன்ற குன்று ஊர்களில் வண்டி கோட்டைச் சுவருக்கு வெளியே நிற்கும். அங்கிருந்து ஏற்றம், கல் பாவிய தெரு. நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அளவுக்கு இல்லை, ஆனாலும் முழங்காலுக்கு அது கஷ்டம்தான். அந்த ஒரு நாளுக்கு ஓட்டுநரோடு வேன் பேசுங்கள். உரிமம் பெற்ற வேன்களுக்குத் தடைப் பகுதிக்குள் போக அனுமதி வாங்க வழி உண்டு, வாசல் வரை கொண்டுபோய் இறக்கிவிடுவார்களா என்று கேட்டுப் பேசுங்கள்.

இனி காகித வேலை. இத்தாலியில் நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கொடுப்பார்கள், கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ரொம்ப முன்னாலேயே வாங்கி வைத்து, போகும்போது காலாவதி ஆக்கிக்கொள்ளாதீர்கள். அந்தப் புத்தகம் மட்டும் போதாது, லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்க வேண்டும். செல்போனில் இருக்கும் டிஜிலாக்கர் படத்தை நம்பிக் கவுன்டரில் போய் நிற்க வேண்டாம். நம் அனுமதி 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தரப்படுவது. அடுத்த வருஷம் வியட்நாம் போகலாம் என்று நினைத்தால் ஒன்று: அவர்கள் 1968 வியன்னா ஒப்பந்தத்து அனுமதியைத்தான் ஏற்கிறார்கள். ஸ்கூட்டர்கூட எடுக்காதீர்கள், விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிடும்.

பணம் கட்டுவதில் பலர் மாட்டுவது கவுன்டரில்தான். முன்பணமாக ஒரு பெரிய தொகையை கார்டில் முடக்கி வைப்பார்கள். அதற்கு கிரெடிட் கார்டு வேண்டும், ஓட்டுகிறவர் பெயரிலேயே வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், அப்பாவின் கார்டும் செல்லாது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். வண்டிக்கு ஏற்படும் சேதத்தில் முதல் பகுதியை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும், அது சின்னத் தொகையாக இருக்காது. அதைப் பூஜ்யமாக்கும் திட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் டயர், கண்ணாடி, அடிப்பாகம் அதில் வருகிறதா என்று ஒரு வரி படித்துவிடுங்கள். ரூபாயில் போடட்டுமா, யூரோவில் போடட்டுமா என்று மெஷின் கேட்டால் யூரோ. வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும், சக்கர விளிம்பும், எரிபொருள் முள்ளும் தெரிய ஒரு வீடியோ எடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்று முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் கியர் வண்டிதான் வரும், வலது கையால் கியர் போட்டுப் பழகும் இடம் அதுவல்ல.

ஸ்டீயரிங் இடப்பக்கம் வருவதைவிட உங்களைக் குழப்பப்போவது சின்ன விஷயம். இன்னோவாவில் இண்டிகேட்டர் வலது கைக்கு. அங்கே இடது கைக்கு. முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் மழையே இல்லாமல் வைப்பர் ஓடும், பின்சீட்டில் பிள்ளைகள் சிரிக்கும். அடுத்து லேன். என்.எச். 44-ல் லாரி வலது லேனைப் பிடித்துக்கொண்டு நகராது, நாம் இடதுபக்கம் புகுந்து முந்துவோம். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிடுங்கள். அங்கே வலது லேனில் போக வேண்டும், இடதுபக்கமாக மட்டுமே முந்த வேண்டும், முந்தியதும் திரும்ப வலதுக்கு வர வேண்டும். டோல்கேட்டில் கிருஷ்ணகிரி ஃபாஸ்டாக் நினைப்பில் மஞ்சள் பலகையுள்ள டெலிபாஸ் லேனுக்குள் போகாதீர்கள். அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு. பங்கில் கஸோலியோ என்றால் டீசல், பென்ஸினா என்றால் பெட்ரோல். பெயரைப் பார்த்து மாற்றிப் போட்டவர்கள் உண்டு. ஆள் வந்து ஊற்றும் பம்பில் விலை கூடுதல், இறங்கி நீங்களே ஊற்றுங்கள். இறக்கங்களில் தொப்பூரில் செய்வதைத்தான் செய்ய வேண்டும், சின்ன கியரில் இறங்குங்கள், நியூட்ரல் கூடாது.

இரவு விமானத்தில் இறங்கிய நாளில் எந்த நாட்டிலும் ஓட்டாதீர்கள். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து விடியற்காலையில் ஊருக்கு வரும்போது சூளகிரி தாண்டியதும் கண் சொக்குமே, அதே சொக்கல்தான். உங்கள் பட்டியலில் இத்தாலி கடைசியில் வருவது இந்த வகையில் நல்லது.

மனைவி ஓட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கூடுதல் ஓட்டுநர் பெயரைக் கவுன்டரில் பதிய வேண்டும், அவர் நேரில் நின்று லைசென்ஸும் சர்வதேச அனுமதியும் காட்ட வேண்டும், தினக் கட்டணம் கூடும். பதியாதவர் ஓட்டி ஒரு கீறல் விழுந்தாலும் இன்சூரன்ஸ் இல்லை. அதற்கு முன்னால், அவருடைய அட்டையில் எந்த வகை வண்டி எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஸ்கூட்டிக்கு மட்டும் வாங்கிய லைசென்ஸ் என்றால் இந்தப் பேச்சு இங்கேயே முடிந்தது. காருக்கும் இருந்தால், இரண்டு நாளுக்காகக் கூடுதல் கட்டணம் வேண்டாம், அவரை மேப் பார்க்கச் சொல்லுங்கள். வார்கோ அத்திவோ எரிகிறதா என்று பார்க்க முன்சீட்டில் ஒரு ஆள் வேண்டும்.