நுவரெலியாவில் டொயோட்டா 86-க்கு எக்ஸோஸ்ட் மாற்றினால் ஏற்றத்தில் பவர் கூடுமா?

தம்பி, வைத்திருப்பது டொயோட்டா 86, ரம்பொடை ஏற்றத்தில் இழுவை போதவில்லை, சைலன்சர் மாற்றி ஈசியூவை (எஞ்சினை இயக்கும் கணினி) டியூன் பண்ணினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீங்க. அனேகமாக யாரோ ஒரு கேட்-பேக் செட்டுக்கு (புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்டுக்குப் பின்னால் உள்ள குழாயும் சைலன்சரும்) விலையும் பேசியிருப்பாங்க. காசு கொடுக்க முதல் இதை வாசிங்க.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கொழும்பில் 101 கிலோபாஸ்கல் இருக்கிற காற்றழுத்தம் அங்கே 81 அளவுதான். டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வலு இழக்கும். குளிர்காற்று கொஞ்சம் ஈடுகட்டும். 200 குதிரைவலு வண்டி மேலே 165, 170 என்று ஓடும். கேட்-பேக் மட்டும் மாற்றினால் கிடைப்பது நாலைந்து குதிரை. "நான் மாத்தினேன், பறக்குது" என்று சண்டைக்கு வருபவர்கள் டைனோ (வலு அளக்கும் மெஷின்) தாளில் உயரத் திருத்தம் (கடல்மட்டக் கணக்குக்கு மாற்றுவது) போட்ட எண்ணா, போடாத எண்ணா என்று முதலில் பார்க்கட்டும்.

86-இல் அடைப்பு முன்பக்கம். முதல் கேட்டலிஸ்ட் ஹெடரோடே (எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் முதல் குழாய்த்தொகுதி) ஒட்டியிருக்கு. 3,500 முதல் 4,500 ஆர்பிஎம் வரை டோர்க் (சுழற்றும் இழுவை) விழும். கொண்டை ஊசி வளைவை விட்டு எழும்பும்போது ஆர்பிஎம் முள் நிற்பதும் அங்கேதான். அதைச் சரிக்கட்ட நல்ல ஹெடரும் அதற்கென்றே செய்த டியூனும் சேர்ந்து வேண்டும். கேட்டலிஸ்ட் உள்ள ஹெடராகவே எடுங்க. இல்லாவிட்டால் செக் லைட் எரியும், புகைப் பரிசோதனையில் இழுபடும், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருட லைசன்ஸ் புதுப்பிக்க ஏலாது.

பூட்டும்போது கேஸ்கட் எல்லாம் புதுசு. முதல் நாள் இரவே நட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெய் அடிச்சு வைங்க. ஒக்சிஜன் சென்சரை (புகையில் ஒக்சிஜனை அளப்பது) 22 மில்லிமீற்றர், வயர் நுழைய வெட்டு உள்ள சொக்கெட்டால் கழற்றணும்; திரும்பப் போடும்போது அன்டி-சீஸ் (சூட்டில் மரை இறுகாமல் காப்பது) கிரீஸ் மரையில் மட்டும், நுனியில் படவே கூடாது. எஞ்சின் சூடேற முதல் ஸ்டார்ட் பண்ணி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருதா பாருங்க. முன் சென்சருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெற்றோல் குறைவு என்று ஈசியூ நம்பி, கூட ஊற்றும். ஃபியூல் ட்ரிம் (ஈசியூ பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பத்து வீதத்தைத் தாண்டினால் டியூனைக் குறை சொல்லாமல் முதலில் இதைத் தேடுங்க.

டியூனை மலையில் மட்டும் செய்து முடிக்காதீங்க. இரண்டு லீற்றர் எஞ்சின் கீழே முழு திறப்பில் சுற்றுக்கு 1.2 கிராம் அளவு காற்று இழுக்கும். நுவரெலியாவில் 1 கிராம் பக்கம் வந்து நின்றுவிடும். மேப்பில் (ஈசியூவில் உள்ள பெற்றோல், டைமிங் அட்டவணை) அதற்கு மேலே உள்ள கட்டங்களை அங்கே தொடவே முடியாது. அழுத்தம் குறைவு என்பதால் நொக் (பெற்றோல் தானாகவே அடித்து வெடிப்பது) லேசில் வராது, டியூனர் துணிந்து டைமிங்கை (தீப்பொறி விழும் நேரம்) முன்தள்ளுவார். அதே வண்டி கம்பளை தாண்டி இறங்கி, கொழும்பு வெயிலில் அக்ஸிலேட்டரை மிதித்தால் பிஸ்டன் அடி வாங்கும். கம்ப்ரஷன் (எஞ்சின் காற்றை அமுக்கும் விகிதம்) 12.5:1, ஆகவே ஒக்டேன் 95-தான், 92 வேண்டாம். கீழே டைனோவில் செய்யுங்க, முழு திறப்பில் காற்று-எரிபொருள் விகிதம் 12.5 பக்கம் வையுங்க, பிறகு மேலே வந்து லொக் (ஓட்டும்போது ஈசியூவின் பதிவு) எடுத்துச் சரிபாருங்க.

பட்-பட் என்று வெடிக்கும் மேப் கேட்டால் மறுத்துவிடுங்க. ஸ்டாக் ஈசியூ இறக்கத்தில் பெற்றோலை நிறுத்திவிடும்; அந்த மேப் ஊற்றிக்கொண்டே, டைமிங்கையும் பின்தள்ளும். லபுக்கலையில் இருந்து புசல்லாவை வரை எஞ்சின் பிரேக்கில் இறங்கினால் அவ்வளவு தூரமும் கேட்டலிஸ்டுக்குள் நெருப்பு, கடைசியில் அதன் உள்ளே உள்ள தேன்கூடு அமைப்பு உருகும்.

உண்மையில் இழுவைதான் வேண்டுமென்றால், ஆரம்பகால மெனுவல் 86-இன் 4.1 ஃபைனல் டிரைவை (பின் சில்லுகளுக்குப் போகும் கடைசிக் கியர் விகிதம்) 4.3 ஆக்குங்க. எல்லா கியரிலும் ஐந்து வீதம் கூடும், சத்தமும் இல்லை, பொலிஸும் மறிக்காது.