கண்டம் தப்பியதும் வருகிற சிரிப்பு

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மூன்றரை வயது மகன் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறிக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் இடுப்பில் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் என் மடியில் வந்து விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. அவனும் சேர்ந்து சிரித்தான். 'பிள்ளை கிணத்துக்குள்ள போகப் பாத்துது, உனக்குச் சிரிப்போ?' என்று மாமி ஏசிவிட்டு, இப்போது முகம் கொடுத்துக் கதைப்பதும் இல்லை. எனக்கு ஏதும் மனநோயா?"

இது மனநோய் அல்ல, அலட்சியமும் அல்ல. உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது நீங்கள் சிரித்தது அல்ல. "அவனும் சேர்ந்து சிரித்தான்" என்ற வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மகனைக் கிணற்றடியில் கண்ட கணத்தில், மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்னும் சிறு பகுதி, நீங்கள் யோசித்து முடிப்பதற்கு முன்பே ஆபத்தை உணர்ந்து, உடம்பை அதற்கு ஆயத்தமாக்கும் பரிவு நரம்புத்தொகுதியை முடுக்கிவிட்டது. சிறுநீரகங்களின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அதிரினலினைக் குருதியில் கலக்க, நெஞ்சு படபடத்து, மூச்சு விரைந்து, கைகால் தசைகளுக்குக் குருதி கூடுதலாகப் பாய்ந்தது. பிள்ளையை எட்டிப் பிடிக்கும் வேகம் உங்களுக்கு அப்படித்தான் வந்தது. ஆனால் பிள்ளை மடிக்கு வந்ததோடு ஆபத்து முடிந்தாலும், உடம்பு அந்த வேகத்தில் அடங்குவதில்லை. குருதியில் உள்ள அதிரினலின் பாதியாகக் குறைவதற்கே சில நிமிடங்கள் செல்லும். பின்தொடர்ந்து சுரக்கும் கோட்டிசோல் என்னும் இன்னொரு ஓமோன் உச்சத்தை எட்டுவதற்கு ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும். ஓடுவதற்கு ஆயத்தமாகி நிற்கும் உடம்புக்கு இனி ஓட வேண்டிய தேவை இல்லை. அந்த இடைவெளியில்தான் நடுக்கமோ, அழுகையோ, சிரிப்போ வருகிறது.

மிஞ்சிய நரம்பாற்றல் வழிந்தோடுவதே சிரிப்பு என்று ஆங்கிலேய அறிஞர் ஹேர்பேர்ட் ஸ்பென்சர் 1860இல் எழுதினார். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும், நரம்புகளுக்குள் ஆற்றல் தேங்கி நிற்பதில்லை என்பதால் அதை அப்படியே ஏற்க முடியாது. மேலும், மிஞ்சியது வெளியேறுவதுதான் காரியம் என்றால் அது ஏன் ஓசையோடு, பிறர் காதில் விழும்படி வெளியேற வேண்டும் என்பதற்கும் அதில் விடை இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன் முன்வைத்த விளக்கம் எனக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது: ஆபத்து என்று நினைத்தது பொய்த்துப்போனதைச் சுற்றியிருப்பவர்களுக்கு அறிவிக்கும் ஒலியாகவே சிரிப்பு தோன்றியிருக்கலாம் என்கிறார் அவர். இது கருதுகோள்தான், நிறுவப்பட்ட உண்மை அல்ல. ஆனாலும் போர்க்காலத்தில் பங்கருக்குள் ஒடுங்கியிருந்துவிட்டு வெளியே வந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும்.

அடக்க முடியாமல் போனதற்கும் காரணம் உண்டு. புகைப்படத்துக்குச் சிரிப்பது போல நாமாக வரவழைக்கும் சிரிப்பும், தானாகப் பொங்கும் சிரிப்பும் மூளையில் வெவ்வேறு பாதைகளில் வருகின்றன. இரண்டாவதன்மேல் நம் விருப்பத்துக்குள்ள பிடி குறைவு. தசைகளின் மேலும் பிடி குறையும். சிரிக்கும்போது கெண்டைக்காலில் தானாகவே நிகழும் ஒரு நரம்புத் தெறிவினை தளர்ந்துபோவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் அளந்து காட்டினார்கள். ஆகவே இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் கிணற்றடியை விட்டு விலகி, நிலத்தில் அமர்ந்துவிடுங்கள். அதன் பிறகு சிரிப்பு வந்தால் வரட்டும்.

எந்த நிகழ்வும் இல்லாமல் சிரிப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தாலோ, இடையில் நினைவு தவறினாலோ அது ஒரு வகை வலிப்பாக இருக்கக்கூடும். பாரிசவாதம் வந்தவர்களிடமும் கட்டுப்பாடற்ற சிரிப்பும் அழுகையும் காணப்படும். கிணற்றுக் காட்சி கனவில் வந்து உங்களை ஒரு மாதத்துக்கு மேல் அலைக்கழித்தாலும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீங்கள் எழுதியவற்றில் இவற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லை.

மாமியின் உடம்பிலும் அதே அதிரினலின்தான் ஏறியிருக்கும். நீங்களாவது ஓடிப் பிடித்தீர்கள். அவர் பார்த்துக்கொண்டு நிற்க மட்டுமே முடிந்தது. உங்களுக்குச் சிரிப்பாக வெளிப்பட்டது அவருக்குக் கோபமாக வெளிப்பட்டிருக்கிறது. போரின் எல்லா ஆண்டுகளையும் இங்கேயே கழித்த தலைமுறையில் சிலருக்கு, ஆபத்து நீங்கிவிட்டது என்ற செய்தி உடம்புக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கும். கோயில் வெடிச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடுபவர்களை நாம் அறிவோம். விளக்கம் சொல்லத் தொடங்காமல், "எனக்கும் நெஞ்சு நின்றுபோய்விட்டது மாமி" என்று நீங்களே முதலில் கதைத்துவிடுங்கள்.

இனி மகன். எது ஆபத்து என்பதைச் சிறு குழந்தைகள் தாயின் முகத்தில்தான் படிக்கிறார்கள். 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பாதியில் மட்டும் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் பள்ளம் போலத் தோன்றும் கண்ணாடித் தளத்தின் பள்ளமில்லாத பக்கத்தில் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள்; தாய் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். தாய் மலர்ந்த முகம் காட்டிய 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்து வந்தார்கள். அச்சமுற்ற முகம் காட்டிய 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. உங்கள் மகன் வளர்ந்துவிட்டான் என்றாலும், அம்மாவைச் சிரிக்க வைத்த விளையாட்டை மறுபடியும் ஆடிப்பார்க்கத் தயங்காத வயது அது.

சிரித்ததற்காக அவனிடம் நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அடிப்பதாலும் பயன் இல்லை. இன்றே கிணற்றடிக்குச் சற்று எட்ட அவனோடு குந்தியிருந்து, சிரிப்பில்லாத முகத்தோடும் சாதாரணக் குரலிலும், "நீ விழப் பார்த்தாய், அம்மா பயந்துபோனேன், அம்மா இல்லாமல் இங்கே வரக்கூடாது" என்று சொல்லுங்கள்; சில நாள்களுக்குத் தினமும் சொல்லுங்கள். சொல்லை மட்டும் நம்பியிருக்காமல் கிணற்றுக்குக் கம்பி வலை போடுங்கள். வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கு இந்தக் கதையைப் பகிடியாகச் சொல்லும் ஆசை உங்களுக்கு வரும். அவன் காதில் விழாத இடத்தில் சொல்லுங்கள்.