பதில்: இந்தச் சிவப்புப் புள்ளி பழுப்புக் குறுமீனா?

வைஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் கண்ட சிவப்புப் புள்ளி பழுப்புக் குறுமீனா, அதாவது நட்சத்திரமாக எரியும் அளவுக்கு நிறை இல்லாத பொருளா என்று கேட்டிருக்கிறீர்கள். டபிள்யூ1-டபிள்யூ2 வித்தியாசம் (3.4, 4.6 மைக்ரான் பட்டைகளின் பிரகாச எண்களுக்கு இடையிலான வித்தியாசம்) 2.6, ஒளியியல் படத்தில் ஒன்றுமே இல்லை என்றதும் ஒய் வகை, அதாவது மிகக் குளிர்ந்த வகை என்று முடிவு கட்டிவிட்டீர்கள், கொஞ்சம் பொறுங்கள். குளிர்ந்த குறுமீனில் மீத்தேன் 3.4 மைக்ரான் பக்க ஒளியை விழுங்கிவிடும், 4.6இல் தப்பித்து வெளியே வரும், அதனால்தான் வைஸ் தொலைநோக்கியின் முதல் இரண்டு பட்டைகளும் அப்படி வைக்கப்பட்டன. ஆனால் 2.6 என்பது பெரும்பாலும் ஒய்யைவிடச் சற்றுச் சூடான டி வகையின் கடைசிப் பகுதிதான். வைஸ் அட்டவணையில் டபிள்யூ1 பிழை மதிப்பு காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலி என்றால் அது அளவீடே இல்லை, வெறும் வரம்பு, புள்ளி அந்தப் பட்டையில் அதைவிட மங்கலாக இருக்கலாம், அதனால் நிஜ வித்தியாசம் இன்னும் கூடுதலாக இருக்கலாம்.

அப்புறம் வைஸின் 12 மைக்ரான் பட்டையையும் பாருங்கள். அங்கே பளிச்சென்று தெரிந்தால் தூசி நிறைந்த விண்மீன் மண்டலமாக (கேலக்ஸி) இருக்கவே வாய்ப்பு அதிகம், நானே இரண்டு தடவை இதில் ஏமாந்திருக்கிறேன்.

நிறத்தைவிட நகர்வைத்தான் நான் நம்புவேன், குறுமீன் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் வானில் நகர்வது தெரியும், தூரத்து கேலக்ஸி நகராது. 2010 படத்தையும் 2014க்குப் பிந்தைய நியோவைஸ் (அதே தொலைநோக்கி மறுபடி இயக்கப்பட்டபோது எடுத்த) படங்களையும் மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். வைஸ் 0855-0714 என்ற பழுப்புக் குறுமீனை வானியலாளர் கெவின் லூமன் அதன் நகர்வை வைத்துத்தான் பிடித்தார், அது ஆண்டுக்கு சுமார் 8 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) ஓடுகிறது, 7 ஒளியாண்டுக்குச் சற்று மேல்தான் தூரம், வெப்பநிலையோ நம் ஃப்ரீசர் ரகம். உங்கள் புள்ளி அந்த வேகத்தில் ஓடாது, சரி, ஆனால் பத்து வருடத்தில் கொஞ்சமாவது நகர வேண்டும். ஒரே ஒரு படத்தில் மட்டும் இருந்து மற்றதில் காணாமல் போனால் பக்கத்துப் பிரகாச நட்சத்திரத்தின் பிம்பமா என்று பாருங்கள்.