நொதி வினையின் இடைநிலைகளை என்எம்ஆரில் பார்க்க முடியுமா?

கேள்வி: ஒரு நொதி வினையில் என்ன விளைபொருள் வருகிறது, நடுவில் என்ன இடைநிலை உருவாகிறது என்பதை என்எம்ஆர் கொண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இடைநிலை மில்லிநொடிகளில் மறைந்துவிடுமே, இவ்வளவு மெதுவான கருவி அதை எப்படிப் பிடிக்கும்?

பதில்:

உங்கள் சந்தேகம் நியாயமானது. என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மூலக்கூறில் உள்ள அணுக்களின் சூழலை நிறமாலையில் பீக்குகளாகக் காட்டும் முறை; அதில் ஒரு ஸ்கேனுக்கே நொடிக்கணக்கில் ஆகும். பார்க்க வேண்டிய பொருளும் கணிசமான செறிவில் இருக்க வேண்டும். நொதியோடு ஒட்டிய இடைநிலையின் அளவோ நொதியின் அளவைத் தாண்டாது. போதாக்குறைக்கு, பெரிய புரதத்தோடு ஒட்டிய மூலக்கூறின் பீக் அகன்று தட்டையாகிவிடும். அதனால் வினை ஓடும்போதே இடைநிலையை நேரில் பார்ப்பது அபூர்வம். நான் இந்த மாதிரி சோதனைகளைத் திட்டமிடும்போது முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எந்த அணு எங்கே போனது என்று தெரிய வேண்டும்? அதை முடிவு செய்துவிட்டால் மற்ற தேர்வுகள் எல்லாம் அதிலிருந்தே வரும்.

விளைபொருளிலிருந்து தொடங்குங்கள். முதலில் பிறக்கும் விளைபொருள் இடைநிலையைப் பற்றியும் சேர்த்தே சொல்லும். சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டும் கிளைகோசிடேஸ்களை எடுத்துக்கொள்வோம். பீட்டா பிணைப்பை வெட்டி வெளிவரும் குளுக்கோஸ் ஆல்ஃபாவா, பீட்டாவா (முதல் கார்பனின் அமைப்பில் மட்டும் வேறுபடும் இரு வடிவங்கள்)? புரோட்டான் நிறமாலையில் ஆல்ஃபாவின் முதல் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் 5.2 பிபிஎம் (பீக்கின் இடத்தைச் சொல்லும் அலகு) அருகே, சுமார் 4 ஹெர்ட்ஸ் பிளவோடு, அதாவது அந்த இடைவெளியில் இரண்டாகப் பிரிந்து வரும். பீட்டாவில் அது 4.6 அருகே, சுமார் 8 ஹெர்ட்ஸ் பிளவோடு வரும். தண்ணீர் நேராக ஒரே அடியில் தாக்கினால் அமைப்பு தலைகீழாகும். பீட்டாவிலிருந்து பீட்டாவே வந்தால் இரண்டு முறை தலைகீழாகியிருக்க வேண்டும். அதாவது சர்க்கரை நடுவில் நொதியோடு பிணைந்திருந்தது என்ற முடிவுக்கு அது வலுவான ஆதாரம். உயிர்வேதியியலாளர் கோஷ்லாண்ட் 1953ல் முன்வைத்த இந்தத் தர்க்கத்தின் அழகு என்னை இன்றும் ஈர்க்கிறது: இடைநிலையைப் பார்க்காமலேயே அது இருப்பது தெரிந்துவிடுகிறது.

இங்கே நேரம் முக்கியம். குளுக்கோஸ் தண்ணீரில் தானாகவே மாறி, 36க்கு 64 என்ற ஆல்ஃபா-பீட்டா கலவையாகிவிடும். ஆகவே நொதியைத் தாராளமாகப் போட்டு, முதல் சில நிமிடங்களிலேயே நிறமாலை எடுக்க வேண்டும். வெப்பநிலையைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இரட்டை லாபம்: அந்த மாற்றமும் மெதுவாகும், கனநீரில் (சாதாரண தண்ணீருக்குப் பதில் இங்கே பயன்படுத்தும் டியூட்டீரியம் நீர்) எஞ்சியிருக்கும் தண்ணீர் பீக்கும் பீட்டா பீக்கை விட்டு விலகி நிற்கும்.

ஐசோடோப்பு வைத்தும் இதே போன்ற தர்க்கத்தை நடத்தலாம். குளுட்டமின் சின்தடேஸ் நொதியில், அம்மோனியா வருவதற்கு முன்பே குளுட்டமேட்டோடு பாஸ்பேட் சேர்ந்த இடைநிலை உருவாகிறதா என்பது கேள்வி. 1976ல் மிடெல்ஃபோர்ட்டும் ரோஸும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியில் நடு பாஸ்பேட்டான பீட்டாவுக்கும் கடைசி பாஸ்பேட்டான காமாவுக்கும் இடையே உள்ள பால ஆக்சிஜனை ஆக்சிஜன்-18 ஆக வைத்தார்கள். அம்மோனியா இல்லாமலே ஏடிபி உடைந்து மறுபடி சேர்ந்தால், இடையில் பீட்டா பாஸ்பேட் சுழன்றுகொள்ளும்; ஆக்சிஜன்-18 பாலத்திலிருந்து ஓரத்துக்கு வந்துவிடும். அப்படித்தான் வந்தது. அவர்கள் அதை அளந்தது நிறை நிறமாலையில். 1978ல் கோனும் ஹூவும் ஒரு ஆக்சிஜன்-18 பாஸ்பரஸ்-31 பீக்கைச் சுமார் 0.02 பிபிஎம் நகர்த்துகிறது என்று காட்டிய பிறகு, என்எம்ஆரே இதற்கு இயல்பான கருவியாகிவிட்டது.

இடைநிலையைக் கையில் பிடித்தே ஆக வேண்டும் என்றால் வினையை நிறுத்த வேண்டும். இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இபிஎஸ்பி சின்தேஸ், கிளைஃபோசேட் களைக்கொல்லி தாக்கும் நொதி. ஷிக்கிமேட்-3-பாஸ்பேட்டோடு பாஸ்போஈனால்பைருவேட்டைச் சேர்ப்பது இதன் வேலை. 1988ல் கேரன் ஆண்டர்சன், கென்னத் ஜான்சன் குழுவினர் நொதியைச் சப்ஸ்ட்ரேட்டுக்கு (நொதி மாற்றும் பொருளுக்கு) இணையான அளவில் எடுத்து, டிரைஎத்தில்அமீன் என்ற காரம் சேர்த்து வினையை நிறுத்தினார்கள். அந்த இடைநிலை அமிலத்தில் உடையும், காரத்தில் தாக்குப்பிடிக்கும், தேர்வு அதனால்தான். பிரித்தெடுத்த பொருளின் புரோட்டான், கார்பன்-13, பாஸ்பரஸ்-31 நிறமாலைகள் எல்லாம் ஒரே அமைப்பைக் காட்டின: இரட்டைப் பிணைப்பில் இருந்த கார்பன் நான்கு ஒற்றைப் பிணைப்புகள் கொண்டதாக மாறியிருந்தது. கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதம்தான் என்பதால், நமக்கு வேண்டிய கார்பனில் மட்டும் அதைச் செறிவூட்டிவிட்டால் பின்னணிச் சத்தம் இல்லாமல் அந்த ஒரு கார்பனின் கதை தெரியும். தயமின் டைபாஸ்பேட்டை (வைட்டமின் பி1இன் செயல்படும் வடிவம்) துணையாகக் கொண்ட நொதிகளில் நிலைமை நேர் எதிர். அங்கே இடைநிலைகள் அமிலத்தில் நிலைக்கும். அமிலத்தால் நிறுத்தியபின், தயமினின் பிரிமிடின் வளையத்தில் உள்ள ஒரே ஒரு ஹைட்ரஜன் 8 பிபிஎம் அருகிலிருந்து 7.3 பக்கம் நகர்வதை வைத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றே அளக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. பீக் தெரிந்தால் அது இடைநிலைதான் என்று எழுதிவிடாதீர்கள். அதே இபிஎஸ்பி சின்தேஸில் கலவையை நீண்ட நேரம் வைத்திருந்தபோது வளைய கீட்டால் என்ற ஒரு சேர்மம் சேர்ந்தது. அது மிக மெதுவாக உருவாகும் பக்க விளைபொருள் மட்டுமே என்பதை வேகத்தை அளந்துதான் தீர்மானிக்க முடிந்தது. உண்மையான இடைநிலை, மொத்த வினையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து உருவாகவும் வேண்டும், கரையவும் வேண்டும். வேக அளவீடு இல்லாத என்எம்ஆர் ஆதாரத்தை நான் பாதி ஆதாரமாகவே எடுத்துக்கொள்வேன்.

கடைசியாகச் சோதனை மேசை விஷயங்கள். நொதியைச் சேமிக்கும் கிளிசரால் 3.5 முதல் 3.8 பிபிஎம் வரை சர்க்கரைப் பகுதியை அப்படியே மூடிவிடும். புரதத்தைச் செறிவாக்கும் வடிகட்டிகளின் சவ்விலும் கிளிசரால் பூச்சு இருக்கும், முன்பே பலமுறை கழுவுங்கள். டிரிஸ் பஃபருக்குப் பதில் பாஸ்பேட் நல்லது, பாஸ்பரஸ் நிறமாலை எடுக்கவில்லை என்றால். கனநீரில் பிஎச் மீட்டர் காட்டும் எண்ணோடு 0.4 கூட்டிக்கொள்ளுங்கள். நொதி இல்லாத குழாய், சப்ஸ்ட்ரேட் இல்லாத குழாய் இரண்டின் நிறமாலையையும் அதே வெப்பநிலையில் எடுத்து வையுங்கள். சந்தேகப் பீக் ஒன்று வரும்போது முதலில் ஒப்பிட வேண்டியது அவற்றோடுதான்.