மேலாளர் நல்லவராக இருந்தால் மட்டும் போதுமா? அறத் தலைமை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நான் பொய் சொல்வதில்லை, பாரபட்சம் காட்டுவதில்லை. ஆனாலும் எனக்குக் கீழே இருப்பவர்கள் கணக்கைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். என் தவறு எங்கே, சார்?

உங்கள் நேர்மை உங்களோடு நின்றுவிட்டது. அறத் தலைமைக்கு பிரவுன், ட்ரெவினோ, ஹாரிசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005-இல் கொடுத்த வரையறையில் இரண்டு பாகங்கள் உண்டு. தலைவர் தானே முறையாக நடப்பது ஒன்று. பேச்சாலும், பாராட்டாலும், கண்டிப்பாலும் மற்றவர்களை அப்படி நடக்க வைப்பது இன்னொன்று. இதற்கு அடிப்படை உளவியலாளர் பண்டுராவின் சமூகக் கற்றல் கோட்பாடு: எதைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துத்தான் மனிதர்கள் கற்கிறார்கள். அறம் பற்றி வாயே திறக்காத நல்லவரை ஊழியர்கள் நல்லவர் என்று நினைப்பதில்லை. "அவருக்கு நம்பர்தான் முக்கியம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கடைசியாக நீங்கள் கொடுத்த மூன்று பதவி உயர்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஏன் கொடுக்கப்பட்டன என்று குழுவில் நான்கைந்து பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். விற்பனை, வேகம் தவிர வேறு பதில் வரவில்லை என்றால், அவர்கள் எந்தப் பாடத்தைக் கற்றார்கள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: தத்துவ அறிஞர்களில் கான்ட் ஒன்று சொல்கிறார், மில் ஒன்று சொல்கிறார், அரிஸ்டாட்டில் வேறொன்று சொல்கிறார். முடிவெடுக்க வேண்டிய நாளில் யார் பேச்சைக் கேட்பது?

எல்லோர் பேச்சையும் கேட்க வேண்டும், முடிவெடுப்பதற்கு முன்பே. முடிவை எடுத்துவிட்டு அதற்கு ஏற்ற கோட்பாட்டைத் தேடிப் பிடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.

ஒரு கற்பனை நிலைமை. 500 கருவிகளை நாளை மறுநாள் அனுப்ப வேண்டும். சோதனையில் நூற்றுக்கு ஒன்று அளவுக்கு மீறிச் சூடாகிறது. தாமதித்தால் ஒப்பந்தப்படி அபராதம். வாங்குபவருக்கு விஷயம் தெரியாது.

பென்தம், மில் சொன்ன பயன்வழியில், அதாவது அதிகப் பேருக்கு அதிக நன்மை எது என்று விளைவுகளைக் கூட்டிக் கழித்தால், அபராதத் தொகை காகிதத்தில் பளிச்சென்று தெரியும். யாரோ ஒருவர் கையைச் சுட்டுக்கொள்வதற்கு எண் கிடையாது, எனவே அது சத்தமில்லாமல் பூஜ்ஜியமாகிவிடும். பயன்வழிக் கணக்கு தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண் இல்லாத பாதிப்புகளை முதலில் எழுதிவிட்டு, அபராதத்தைக் கடைசியில் எழுதுங்கள். 500-இல் ஐந்து கருவிகள், அதாவது ஐந்து வீடுகள் என்று எழுதினால் கணக்கின் முகமே மாறும்.

கான்ட் 1785-இல் வகுத்த நெறியின்படி, எந்த மனிதரையும் நம் காரியத்தை முடிக்கும் வெறும் சாதனமாக மட்டும் நடத்தக் கூடாது. வாங்குபவருக்கு உண்மை தெரிந்தால் இதற்குச் சம்மதிப்பாரா? மாட்டார் என்றால் மறைப்பது தவறு. ஆனால் இந்த நெறி அனுப்புவதையே தடுக்கவில்லை, மறைப்பதைத்தான் தடுக்கிறது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

தத்துவ அறிஞர் ரால்ஸ் 1971-இல் முன்வைத்த அறியாமைத் திரையை (தன் இடம் எது என்று தெரியாமல் விதியைத் தேர்ந்தெடுக்கும் கற்பனைச் சோதனை) நிறுவனத்துக்குள் கொண்டுவந்து கேளுங்கள்: நீங்கள் விற்பனைத் தலைவரா, அந்தக் கருவியை இரவு முழுக்க ஓடவிடப்போகும் குடும்பமா என்று தெரியாத நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அரிஸ்டாட்டிலிடம் போனால், பழக்கமே குணம் ஆகிறது; இன்று விதிவிலக்காகச் செய்வது மூன்றாவது முறை வழக்கமாகிவிடும். உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982-இல் முன்வைத்த, உறவுகளையும் பிறர்மீதான அக்கறையையும் மையமாக வைக்கும் அக்கறை அறவியல், இந்தக் கோளாறைக் கண்டு சொன்ன சோதனையாளரைப் பற்றியும் கேட்கச் சொல்லும். அவரை வாயடைத்துவிட்டால் அடுத்த கோளாறு உங்கள் காதுக்கே வராது.

இப்போது திட்டத்தைத் திருத்தலாம். இன்றே வாங்குபவருக்குத் தகவல், 500-ஐயும் ஒவ்வொன்றாகச் சோதித்தல், தேறியதை மட்டும் அனுப்புதல், மீதிக்குப் புதிய தேதி. ஒரு கோட்பாடு ஆட்சேபித்தால் அதைத் தள்ளிவிடாமல், அந்த ஆட்சேபத்தைக் கொண்டு திட்டத்தைத் திருத்த வேண்டும். இவற்றால் கிடைக்கும் நடைமுறைப் பயன் அதுதான்.

கேள்வி: டார்கெட் வைப்பதே தவறு என்கிறீர்களா?

இல்லை. துணையில்லாமல் தனியாக நிற்கும் டார்கெட்தான் ஆபத்து. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் விற்க வேண்டும் என்ற இலக்கு இருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் விதிக்கப்பட்ட அபராதம் 18.5 கோடி டாலர். வேலை இழந்தவர்கள் சுமார் 5,300 பேர். அத்தனை பேரும் தற்செயலாகக் கெட்டவர்களாக வந்து சேர்ந்தார்கள் என்று யாரும் நம்ப முடியாது.

ஒவ்வொரு டார்கெட்டையும் அறிவிக்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "இதைத் தவறான வழியில் எட்ட வேண்டுமானால் எப்படி எட்டுவேன்?" என்று குழுவையே எழுதச் சொல்லுங்கள். வரும் பதிலைக் காட்டிக்கொடுக்கும் ஓர் அளவையும் சேர்த்துவிடுங்கள். புதிய கணக்குகளை எண்ணினால், 90 நாளில் ஒரு பரிவர்த்தனைகூட நடக்காத கணக்குகளையும் எண்ண வேண்டும்.

கேள்வி: நடத்தை விதித் தொகுப்பு வைத்திருக்கிறோம். எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

கணக்கு மோசடியில் கவிழ்ந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிடம் அப்படியொரு தொகுப்பு 64 பக்கத்தில் இருந்தது. அங்கே இயக்குநர் குழுவே நிதித் தலைவருக்காக நல முரண் விதியை (சொந்த லாபமும் நிறுவன நலனும் மோதும் வேலையில் இறங்கக் கூடாது என்பது) விலக்கிக் கொடுத்தது. அதனால் விதிகளைவிட விதிவிலக்குகளைக் கவனியுங்கள். யார் கேட்டார், யார் கொடுத்தார், எந்தத் தேதி வரை என்று ஒரு பதிவேடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகக் கூட்டத்தில் வாசியுங்கள்.

கேள்வி: கூட்டத்தில் யாரும் ஆட்சேபிப்பதில்லை. பிறகுதான் "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார்கள். என்ன செய்வது?

1986 ஜனவரி 27 இரவு நடந்ததைப் பாருங்கள். சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தியோகோல் நிறுவனப் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பு அதை ஏற்கத் தயங்கியது. தியோகோல் மேலாளர்கள் இணைப்பைத் துண்டித்துத் தங்களுக்குள் பேசினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடும்படி ஒருவரிடம் சொல்லப்பட்டது. பரிந்துரை மாறியது. மறுநாள் ஏவிய 73-ஆவது விநாடியில் கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

பேச வேண்டியவர்கள் அங்கே பேசினார்கள். புரண்டது நிரூபிக்கும் சுமை: "பாதுகாப்பானது என்று காட்டு" என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில், "ஆபத்து என்று நிரூபி" என்றாகிவிட்டது. ஆகவே, செய்ய விரும்புபவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். விவாதத்துக்கு முன் ஒவ்வொருவரும் தன் கருத்தை இரண்டு வரியில் எழுதித் தரட்டும். இளையவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில். ஆட்சேபித்தவரை வெளியே வைத்துவிட்டு அவருடைய ஆட்சேபத்தைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: அறிக்கையில் ஓர் எண்ணை "கொஞ்சம் மாற்று" என்று என் மேலதிகாரி சொல்கிறார். வேலையும் வேண்டும், மனசாட்சியும் வேண்டும்.

உடனே குற்றம் சாட்டாதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒரு திருத்தம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். "எந்த ஆதாரத்தை வைத்து மாற்றட்டும் சார்? அடிக்குறிப்பில் காரணத்தையும் போட்டுவிடுகிறேன்" என்று கேளுங்கள். நியாயமான திருத்தம் என்றால் காரணம் வந்துவிடும். இல்லையென்றால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால், அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சல்: "நாம் பேசியபடி, எண் இது, மூலத் தரவு இது. மாற்ற வேண்டுமென்றால் எழுத்தில் தெரிவியுங்கள்." உரிச்சொற்கள், உணர்ச்சி எதுவும் வேண்டாம். தேதியோடு உங்கள் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். ஆனால் நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பிறகு விசாரணை உங்கள் பக்கம் திரும்பும். அடுத்த படி உள்தணிக்கை அல்லது சட்டப் பிரிவு. வெளியே போவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். பாதுகாப்புச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். சிலவற்றில் யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தே பாதுகாப்பு கிடைக்கும்.

கேள்வி: என்னிடமே ஒருவர் புகாரோடு வந்தால் முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

குறுக்கிடாமல் கேளுங்கள். "ஆதாரம் இருக்கா?" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம், "எப்போது, எங்கே, வேறு யார் இருந்தார்கள்?" என்று கேட்டால் ஆதாரம் தானாக வரும். முழு ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் ஓடிப்போய் விசாரிக்காதீர்கள். தடயம் அழிவது அப்படித்தான். விசாரிப்பவர் அந்தப் பிரிவைச் சேராதவராக இருக்கட்டும். எந்தத் தேதியில் பதில் வரும் என்று சொல்லி, சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் அவரை அழைத்துப் பேசுங்கள். அடுத்த ஆறு மாதங்களுக்கு அவருடைய பணி மதிப்பீடு, ஷிப்ட், இடமாற்றம் மூன்றையும் நீங்களே நேரில் பாருங்கள். பழிவாங்கல் அவற்றில்தான் ஒளிந்து வரும்.