காலடியில் ஒரு சிந்த்: பேஸ் வாசிப்பவர்களின் மிடி சந்தேகங்கள்

இருபது ஆண்டுகளாக மேடையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் காலடியிலோ கையெட்டும் தூரத்திலோ ஒரு சிந்தசைசர் (சுருக்கமாகச் சிந்த், மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி) இருந்திருக்கிறது. நான் கருவி விற்பவன் இல்லை என்பதால், வாங்க வேண்டாம் என்று சொல்லவும் தயங்க மாட்டேன். கேளுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவர் விலகிவிட்டார். கிட்டார், டிரம்ஸ், பேஸ் மூன்றுதான் மிச்சம். அந்த இடத்தையும் நானே நிரப்ப வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு ஒத்திகையைப் பதிவு செய்து, எந்த இடத்தில் பாட்டு மெலிகிறது என்று கேட்டுப் பாருங்கள். மூவர் குழுவில் பெரும்பாலும் கிட்டார்காரர் தனி வாசிப்புக்குப் போகும்போதுதான் பள்ளம் விழும். அங்கே தேவைப்படுவது நீளமாகப் பிடித்து நிறுத்திய ஒரு சுரம். நாகசுரத்துக்கு ஒத்து போல, அடியில் அது நின்றால் போதும். பேஸை மேல் ஸ்தாயிக்கு நகர்த்தி இரண்டு மூன்று தந்திகளை ஒன்றாக மீட்டினால் கீபோர்டின் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த அடிச் சுரத்தை யார் பிடிப்பது? கால்தான். 1970களின் நடுவில் வந்த மூக் டாரஸ் இதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு ஸ்தாயிக்கு 13 மிதிகட்டைகள், உள்ளேயே சிந்தசைசர். ரஷ் என்ற ராக் குழுவின் கெடி லீயும் ஜெனிசிஸ் குழுவின் மைக் ரதர்ஃபோர்டும் அதை வைத்துத்தான் சிறிய குழுவைப் பெரிதாக ஒலிக்க வைத்தார்கள். இன்று அந்தப் பழைய கருவியைத் தேடி அலைய வேண்டாம். மிடி அனுப்பும் மிதிகட்டை ஒன்றும், சிறிய சிந்த் ஒன்றும் போதும். எந்தச் சுரத்தைத் தொடங்கு, எதை நிறுத்து என்று ஒரு கருவி மற்றொன்றுக்குச் சொல்லும் செய்தி முறைதான் மிடி. மூக் நிறுவனமே டாரஸின் ஒலியை மேசைமேல் வைக்கும் மினிடார் என்ற சிந்தாகச் செய்திருக்கிறது.

கேள்வி: அண்ணா, மிதிகட்டை எல்லாம் எதற்கு? பேஸ் தந்தியை மீட்டினாலே அதை மிடியாக மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றனவே? நான் ஒன்று வாங்கினேன். கீழ்த் தந்தியில் ஒலி தாமதமாக வருகிறது. கருவி கெட்டுப்போய்விட்டதா?

கருவியில் கோளாறு இல்லை. இயற்பியல்தான் குறுக்கே நிற்கிறது.

நீங்கள் மீட்டியது எந்தச் சுரம் என்று கண்டுபிடிக்க, அந்தக் கருவி தந்தியின் ஓர் அதிர்வையாவது முழுதாகப் பார்த்தாக வேண்டும். பேஸின் கீழ் இ தந்தி விநாடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஒரு முழு அதிர்வுக்கு 24 மில்லிவிநாடி. ஐந்து தந்தி பேஸின் கீழ் பி என்றால் 32 மில்லிவிநாடி. இது குறைந்தபட்சக் கணக்கு. மீட்டிய கணத்தில் விரலின் உரசலும் இரைச்சலும் கலந்திருப்பதால், கருவி இன்னும் சற்றுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கும். 24 மில்லிவிநாடி என்பது ஒலி எட்டு மீட்டர் கடக்கும் நேரம். உங்கள் ஆம்ப்பை (ஒலிபெருக்கிப் பெட்டியை) எட்டு மீட்டர் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவான பாட்டில் தெரியாது. வேகமான பாட்டில் டிரம்மர் திரும்பி முறைப்பார்.

வழி ஒன்று இருக்கிறது. பேஸின் சொந்த ஒலியை மூடிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள். சிந்தில் 12 அரைச்சுரம் கீழே இறக்கிவிடுங்கள். அதிர்வு இரட்டிப்பாவதால் தாமதம் பாதியாகும், இ தந்திக்கு 12 மில்லிவிநாடி. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டுக்கு) மேலே கை பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

தந்திக்கு ஒரு பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) வீதம் தனித்தனியாகப் பிரித்து 13 முனைக் கேபிளில் அனுப்பும் ரோலண்ட் ஜிகே-3பி போன்றவை தவறான சுரங்களைப் பெருமளவு குறைக்கும். தாமதத்தைக் குறைக்காது. 1990களில் பீவி நிறுவனம் சைபர்பேஸில் வேறு வழி பார்த்தது: தந்தி எந்த ஃப்ரெட்டைத் தொடுகிறது என்பதைக் கம்பி வழியே நேராக அறிந்துகொண்டது. அதிர்வுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். நல்ல யோசனை, ஆனால் பரவலாகவில்லை.

வாசிப்பும் மாற வேண்டும். ஸ்லாப்பும் (கட்டைவிரலால் தந்தியை அடிப்பது) ஊமைச் சுரங்களும் மிடி மாற்றிக் கருவிக்கு எதிரிகள். விரல் தற்செயலாகத் தொட்ட தந்தியைக்கூட அது உண்மையான சுரமாக எடுத்துக்கொண்டு எங்கோ ஒரு மூலையில் ஊதும். வாசிக்காத தந்திகளை எப்போதும் அடக்கி வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் மிடியே இல்லாத சிந்த் பெடல் போதாதா?

பலருக்குப் போதும். பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்ஒய்-1 போன்றவை சுரத்தை மிடியாக மாற்றுவதில்லை. தந்தியிலிருந்து வரும் ஒலியையே பிசைந்து சிந்த் போல ஆக்குகின்றன. அதனால் விரலோடு ஒட்டி வரும். இன்னும் எளிமையாக வேண்டுமென்றால், மீட்டும் வலுவுக்கேற்பத் திறந்து மூடும் ஃபில்டர் பெடல் ஒன்றும், ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் ஒன்றும் போதும். பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் 1970களில் மியூட்ரான் ஃபில்டரை வைத்துச் செய்ததைக் கேட்டவர்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

ஃபஸ் முதலில், ஃபில்டர் பிறகு. ஃபஸ் தரும் மேல் அதிர்வுகள் இருந்தால்தான் ஃபில்டருக்கு வெட்ட ஏதாவது இருக்கும். ஒரு சிக்கல்: ஃபஸ் எல்லாவற்றையும் ஒரே உரப்பாக அமுக்கிவிடுவதால், விரலின் வலு ஃபில்டருக்குத் தெரியாமல் போகும். தூய ஒலியைத் தனியாக வாங்கிக்கொள்ளும் துளை உள்ள ஃபில்டர் பெடல் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: பேஸையும் சிந்தையும் ஒன்றாக வாசித்தால் பிரம்மாண்டமாக இருக்கும் என்று நினைத்தேன். சேறு மாதிரி இருக்கிறது. சில நேரம் அடி ஒலியே காணாமல் போகிறது.

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்டிருக்க வேண்டும். மற்றதெல்லாம் கேபிள் விவகாரம், இதுதான் இசை விவகாரம்.

உங்கள் பேஸ் இ தந்தி சிந்தைவிட 10 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு, விலகியிருக்கிறது என்று வையுங்கள். வேறுபாடு விநாடிக்குக் கால் அதிர்வுதான். ஏறக்குறைய நான்கு விநாடிக்கு ஒருமுறை இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தின்று, அடி ஒலி மறைந்து மீளும். அரங்கத்தின் பெரிய சப்வூஃபரில் இதை வயிற்றில் உணரலாம். சுருதியைத் துல்லியமாகச் சேர்த்தாலும் தீராது. தந்தியின் சுருதி மீட்டும்போது சற்று ஏறி, பிறகு இறங்கும். சிந்த் அப்படியே நிற்கும்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் தரைத்தளத்தில் குடியிருக்க வேண்டும். சிந்த் கீழே இருக்கும்போது பேஸில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். விரலின் அடியும் நடு ஒலியும் பேஸிலிருந்து வரட்டும். அல்லது மாற்றிச் செய்யுங்கள்: அடி பேஸுடையது, சிந்த் ஒரு ஸ்தாயி மேலே. நான் பாட்டுக்குப் பாட்டு மாற்றுகிறேன். இரண்டையும் கீழே விட்ட ஒரு பாட்டைக்கூட ஒலிப்பொறியாளர்கள் பாராட்டியதில்லை.

மேல் அதிர்வுகளே இல்லாத சைன் அலையை மட்டும் நம்பாதீர்கள். சின்ன ஒலிபெருக்கியில் 41 ஹெர்ட்ஸ் சைன் கேட்கவே கேட்காது. கொஞ்சம் சா (saw) அலையோ லேசான டிஸ்டார்ஷனோ சேர்த்தால் மேல் அதிர்வுகளை வைத்துக் காதே அடியை ஊகித்துக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, மிதிகட்டையைப் பார்க்காமல் மிதிப்பது எப்படி? ஷூ போட்டுக்கொண்டா, வெறுங்காலிலா?

மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. வெறுங்காலால் மேடையில் ஆணியை மிதித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உட்கார்ந்து பழகாதீர்கள். நின்று வாசிக்கும்போது உடலின் எடை முழுதும் ஒரே காலில் வந்துவிடும், அதற்குத்தான் பழக்கம் தேவை. முதலில் ஒரு பாட்டுக்கு இரண்டே சுரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டைகளின் இடைவெளியைக் கால்விரல் தானாகத் தேடப் பழகும். சிந்தை ஒற்றைச் சுர முறையில் வையுங்கள், இரண்டு கட்டையைத் தவறுதலாக மிதித்தாலும் குழப்பம் வராது. பழைய மினிமூக்கில் இரண்டை அழுத்தினால் கீழே உள்ளதுதான் ஒலிக்கும். கடைசியாக அழுத்தியதை எடுத்துக்கொள்ளும் சிந்துகளும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒலி தொடங்கும் நேரத்தை 20, 30 மில்லிவிநாடிக்கு நீட்டினால், கால் கொஞ்சம் முந்தினாலும் காதில் உறுத்தாது.

கேள்வி: கால் சுவிட்சில் 5 என்று அனுப்பினால் சிந்தில் 6ஆம் ஒலி வருகிறது. ஏன்?

மிடியில் ஒலி எண்கள் 0 முதல் 127 வரை. மனிதர்களுக்குப் பிடிக்காது என்று சில நிறுவனங்கள் திரையில் 1 முதல் 128 என்று காட்டுகின்றன. ஒன்று அப்படியும் மற்றொன்று இப்படியும் எண்ணினால் ஒன்று தள்ளிப்போகும். ஒருமுறை சோகமான பாட்டின் நடுவில் எனக்குப் புல்லாங்குழல் வந்தது. அன்றிலிருந்து பாட்டின் பெயரை எழுதி ஒட்டிவிடுகிறேன், எண்ணைப் பார்ப்பதேயில்லை.

கேள்வி: சுரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தால்?

'தொடங்கு' என்ற செய்தி போய், 'நிறுத்து' போகவில்லை என்று பொருள். கட்டையை மிதித்தபடியே கேபிள் ஆடினாலோ, ஸ்தாயியை மாற்றினாலோ, மிடி சேனலை மாற்றினாலோ இப்படி ஆகும். எல்லாச் சுரங்களையும் நிறுத்தச் சொல்லும் கட்டளை எண் 123. அதை ஒரு கால் சுவிட்சில் பதிந்து வையுங்கள். அதையும் கேட்காத சிந்துகள் உண்டு. அதனால் சிந்துக்குப் பிறகு ஒரு வால்யூம் பெடல் வைத்திருக்கிறேன். மிடி எது சொன்னாலும் அந்தப் பெடல் என் பேச்சைத்தான் கேட்கும்.

கேள்வி: யூஎஸ்பியா, பழைய ஐந்து முனைக் கேபிளா? 1983இல் வந்த தொழில்நுட்பம் இன்னும் போதுமா?

தாராளமாக. விநாடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்தி போய்ச் சேர ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. ஒரு காலும் ஒரு கையும் அனுப்பும் செய்திகளுக்கு அது அகலமான சாலை. இன்னொரு நன்மை, வாங்கும் பக்கத்தில் ஒளி வழியாகச் செய்தியைக் கடத்தும் பாகம் ஒன்று இருக்கிறது. இரண்டு கருவிகளின் மின்சாரம் நேராகத் தொடாது, அதனால் அந்த வழியாக உறுமல் வராது. யூஎஸ்பியில் பொதுவாக இந்தக் காப்பு கிடையாது. மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டதும் ஆம்ப் கீச்சிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஐந்து முனைக் கேபிள் 15 மீட்டரைத் தாண்ட வேண்டாம். மிதிகட்டை, எந்த டிரைவர் மென்பொருளும் கேட்காமல் சிந்தோடு நேராகப் பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. கணினிதான் வேண்டுமென்றால் அதன் தாமதத்தையும் கணக்கில் எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரி பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்) 2.7 மில்லிவிநாடி. அது சரி. 1024 என்றால் 21. ஏற்கெனவே தாமதிக்கும் மாற்றியோடு அதைச் சேர்த்தால் வாசிக்கவே முடியாது.

கேள்வி: சிந்தை பேஸ் ஆம்ப்பிலேயே செருகலாமா?

செருகலாம், மெதுவான உரப்பில் தொடங்குங்கள். தந்தி ஒலி மீட்டியதும் தேயும். சிந்த் தேயாமல் நிற்கும். ஒலிபெருக்கிக்குச் சுமை அங்கேதான். அரங்கத்துக்கு இரண்டு டிஐ பெட்டிகள் (கருவியின் ஒலியை அரங்கத்தின் மிக்சருக்கு நேராக அனுப்புபவை), இரண்டு தனிச் சேனல்கள். சிந்தின் எல்லா ஒலிகளையும் வீட்டிலேயே ஒரே உரப்புக்குச் சமன் செய்யுங்கள். ஹெட்ஃபோனில் சமன் செய்தால் அடி ஒலி ஏமாற்றும், ஆம்ப்பிலேயே செய்யுங்கள்.

கேள்வி: இதெல்லாம் பேஸ் வாசிப்பா? ஏமாற்று வேலை இல்லையா?

கால் வாசிக்கிறது. என் கால்தான்.

கேள்வி: முதல் மேடை அடுத்த வாரம். கடைசி நேர ஆலோசனை ஏதாவது?

கூடுதல் கேபிள், ஒவ்வொரு மின் அடாப்டரிலும் எந்தக் கருவிக்கானது என்று பெயர். அழகாக இருக்காது, இருட்டில் உதவும். பிறகு, ஒரே கேபிளைப் பிடுங்கினால் வெறும் பேஸ் ஆம்ப்புக்குப் போகும்படி இணைப்பை அமையுங்கள்.

எனக்கு ஒருமுறை இரண்டாம் பாட்டிலேயே சிந்தின் அடாப்டர் செத்துவிட்டது. மிச்ச நிகழ்ச்சியை வெறும் பேஸில் முடித்தோம், கேட்டவர்கள் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. டிரம்மர் மட்டும், அந்த நீண்ட அடிச் சுரம் நிற்பதை வைத்தே ஒரு பாட்டை முடித்துப் பழகியிருந்ததால், கை ஓயாமல் எட்டுத் தாளச் சுற்று கூடுதலாக வாசித்தார். இப்போது அந்த முடிவுக்குக் கண்ணால் ஒரு சைகை வைத்திருக்கிறோம்.