டாக்டரைக் கண்ணிலேயே காட்ட மாட்டேன் என்கிறார்களே: ஏற்காட்டுத் தங்கைக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சேலத்தில் உட்கார்ந்து படித்தேன். லீவில் அம்மாப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேற்றுத்தான் அம்மாவை ஐந்து ரோடு பக்கம் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டோக்கன் 41. இரண்டரை மணி நேரம் காத்திருந்து, உள்ளே போய் வந்தது நான்கு நிமிடம். ஆனாலும் அம்மாவுக்குப் பரம திருப்தி. "கைராசிக்காரர், தொட்டாலே பாதி சரியாயிடும்" என்றார். உங்கள் குழப்பத்தின் வேர் அந்தக் கைராசியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்து வந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறீர்கள். நான்கு வயதுப் பையனுக்குக் காது வலி என்று ஜிபி சர்ஜரிக்கு, அதாவது அங்கத்துக் குடும்ப டாக்டர் கிளினிக்குக்கு, போன் செய்தால், போனை எடுத்த பெண் என்ன பிரச்சினை என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, மருந்துக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரை பற்றிப் பேசியவர் பார்மசிஸ்ட். ரத்தம் எடுத்தவர் நர்ஸ் கூட இல்லையாம். "நம்மை ஏமாற்றுகிறார்களா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, டாக்டர் முகத்தைப் பார்க்காமல் திரும்பியிருந்தால் உங்கள் அப்பா சும்மா விட்டிருப்பாரா?

முதலில் அந்த போன் எடுக்கும் ரிசப்ஷனிஸ்ட். நம் ஊரில் டோக்கன் கொடுப்பவரிடம் போய் யாராவது நோயைச் சொல்வோமா? நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கிலாந்து போன புதிதில் எனக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல். போனில் கேட்டதற்கு, அது சொந்த விஷயம், டாக்டரிடம்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் "சரி" என்று 12 நாள் கழித்து ஒரு தேதி கொடுத்தார். நான்காம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, ராத்திரியில் அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டியதாயிற்று. ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருக்கக் கூடாதா என்று அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வாயைத் திறக்காதது நான்தான்.

அவர் கேட்பது ஊர் வம்பு அல்ல. யாரிடம் அனுப்ப வேண்டும், இன்றைக்கா அடுத்த வாரமா என்று பிரிப்பதற்காக, டாக்டர்களே கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு டாக்டருக்கு உள்ளதுபோல் அவருக்கும் உண்டு. அந்தக் காலத்துக் கம்பவுண்டர் யாரை முதலில் உள்ளே விடலாம் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார் இல்லையா, அங்கே அதை போனில் செய்கிறார்கள். அதனால் எத்தனை நாளாக, எவ்வளவு காய்ச்சல், சாப்பிடுகிறானா, சோர்ந்து கிடக்கிறானா என்று கறாராகச் சொல்லுங்கள். "கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்று நம் ஊர் அடக்கத்தோடு சொன்னால் உங்களைக் கடைசியில்தான் போடுவார்கள்.

அப்புறம் மருந்துக் கடை. அங்கே பார்மசிஸ்ட் என்பவர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் மட்டும் அல்ல. 2024 ஜனவரி கடைசியிலிருந்து ஏழு உபாதைகளுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமலே, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் வரை அவரே கொடுக்கலாம். தொண்டை வலி, சைனஸ், அக்கி, பூச்சிக்கடி புண், பெண்களின் சிறுநீர்த் தொற்று எல்லாம் அதில் வரும். 1 முதல் 17 வயது வரையான பிள்ளைகளின் காது வலியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்களை அங்கே அனுப்பியது தட்டிக் கழிக்க அல்ல. நான் அன்றைக்குப் பட்ட பாடு இன்றைக்கு ஒரு கடையோடு முடிந்திருக்கும். ஆனால் பார்மசிஸ்ட் பெரும்பாலும் முதலில் வலிக்கு மருந்து கொடுத்துப் பொறுத்துப் பார்க்கச் சொல்வார். நாம் எதிர்பார்ப்பது ஊசி, அது நடக்காது.

உங்கள் வீட்டுக்காரரிடம் பேசியவர் வேறு வகை, சர்ஜரியிலேயே வேலை செய்யும் கிளினிக்கல் பார்மசிஸ்ட். எந்த மாத்திரை எதோடு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ரத்தம் எடுத்தவர் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட். பிரஷர் பார்ப்பது, இசிஜி எடுப்பதும் அவரே. நர்ஸ் என்றால் தடுப்பூசி, ஆஸ்துமா, சர்க்கரை, காயத்துக்குக் கட்டு. 25 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்குக் கடிதம் வரும். அதையும் பெரும்பாலும் நர்ஸ்தான் செய்வார், பயப்படாமல் போய்விடுங்கள். நர்ஸ்களிலேயே மேல்படிப்புப் படித்து, நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுகிறவர்களும் உண்டு. சில டாக்டர்களை விட அவர்களிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

டாக்டர் மாதிரியே ஸ்டெதஸ்கோப்போடு இருப்பார், ஆனால் டாக்டர் அல்ல என்று ஒருவர் உண்டு: பிசிஷியன் அசோசியேட். நான் அப்படி ஒருவரை அரை மணி நேரம் "டாக்டர், டாக்டர்" என்று அழைத்தேன். மருந்து எழுதும் நேரம் வந்தபோது எழுந்து போய் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். மருந்து எழுத அவர்களுக்கு அனுமதி கிடையாது. இவர்களை பிசிஷியன் அசிஸ்டன்ட் என்று அழைப்பதே சரி என்று 2025 ஜூலையில் ஒரு அரசு ஆய்வு சொன்னது. சந்தேகம் வந்தால் "நீங்கள் டாக்டரா?" என்று நேராகக் கேளுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல. இன்னொன்று, ரெஜிஸ்ட்ரார் என்று பெயர்ப் பலகையைப் பார்த்தால் பத்திரப் பதிவு ஆபீஸை நினைக்காதீர்கள். அவர் முழு டாக்டர்தான், ஜிபி ஆவதற்கான மூன்று வருடப் பயிற்சியில் இருப்பவர்.

ஜிபி டாக்டரைப் பார்த்தாலும் பத்து நிமிடம் போலத்தான் கிடைக்கும். ஆனால் காது-மூக்கு-தொண்டை நிபுணரிடம் போக அவருடைய கடிதம் வேண்டும். சேலத்தில் காலையில் நினைத்து மாலையில் நிபுணரைப் பார்த்து, அடுத்த தெருவில் ஸ்கேனும் எடுத்துவிடுவோம். அங்கே அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்தான் மேல், நான் மறைக்கப் போவதில்லை.

காசு விஷயத்தில் கூச்சமே வேண்டாம். விசாவோடு மருத்துவக் கட்டணமாக ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776 பவுண்டு என்று கட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள். இங்கிலாந்தில் மருந்துக்கு மட்டும் ஒரு ஐட்டத்துக்கு 9.90 பவுண்டு. பையனுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்காரர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதால் மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழுக்கு அவருக்குத் தகுதி உண்டு. சர்ஜரியில் படிவம் கேளுங்கள், எல்லா மருந்தும் இலவசமாகிவிடும். இதை யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள்.

உங்கள் அத்தை ஆடி முடிந்து வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை பார்க்காமல் யார்தான் கிளம்புவார்கள்? வந்தவுடன் அவரையும் தற்காலிகமாக அதே சர்ஜரியில் பதியலாம், ஜிபி பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் பில் வரும், அதனால் பயணக் காப்பீடு போட்டுவிடுங்கள். மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள். டோலோ என்றால் அங்கே யாருக்கும் புரியாது, பாராசிட்டமால் என்றால்தான் புரியும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிட்டால் போன் வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். மருமகளை நடுவில் வைத்துக்கொண்டு அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிடுவாரா என்ன?

பையனுக்குக் காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, கழுத்தை அசைக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ மருந்துக் கடை, சர்ஜரி எதுவும் வேண்டாம். நேராக 999, அதுதான் அங்கே ஆம்புலன்ஸை அழைக்கும் அவசர எண். அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் ராத்திரியில் மனசு கேட்கவில்லை என்றால் 111, அது போனிலேயே மருத்துவ ஆலோசனை சொல்லும் எண்.